கல்லீரலும் அம்மோனியாவும்: ஓர் இரத்தப் பரிசோதனையின் வரலாறு

மருத்துவ ஆய்வகங்கள் ‘கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை’ என்ற தலைப்பில் தரும் அறிக்கையில் பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ஆல்புமின் ஆகியவற்றின் அளவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இடம்பெறுகின்றன. அம்மோனியாவின் அளவு அந்த வரிசையில் இருப்பதில்லை. மருத்துவர் தனியாக எழுதிக் கேட்டால் மட்டுமே, தனிக் குழாயில் எடுத்துப் பனிக்கட்டிக்குள் வைத்து விரைந்து அனுப்பப்பட்ட இரத்தத்தில் அது அளக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் உண்டு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரு நொதிகளும் கல்லீரல் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசிபவை என்பதால், அவை கல்லீரலுக்கு நேர்ந்த காயத்தைக் காட்டுகின்றனவே அன்றி, அது தன் வேலையைச் செய்கிறதா என்பதைக் காட்டுவதில்லை. அம்மோனியாவை யூரியாவாக மாற்றி உடலைக் காப்பதோ கல்லீரலுக்கே உரிய வேலை. அந்த வேலை தடைப்பட்டால் இரத்தத்தில் அம்மோனியா ஏறுகிறது. செயல்பாட்டை நேரடியாகத் தொடும் ஓர் அளவு பட்டியலுக்கு வெளியே நிற்பதும், காயத்தைக் காட்டும் அளவுகள் ‘செயல்பாடு’ என்ற பெயரைத் தாங்கி நிற்பதும் எவ்வாறு நேர்ந்தன என்பதற்கான விடை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவில் தொடங்கும் ஒரு நீண்ட வரலாற்றில் இருக்கிறது.

உணவிலுள்ள புரதம் அமினோ அமிலங்களாகச் சிதைந்து உடலில் சேர்கிறது. உடலைக் கட்டுவதற்குப் பயன்பட்டது போக எஞ்சியவை எரிபொருளாகும்போது, அவற்றிலிருந்த நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிப்படுகிறது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் யூரியாவையும் செரிக்காத புரதத்தையும் சிதைத்து மேலும் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. குடலிலிருந்து திரும்பும் இரத்தம் நேராக இதயத்துக்குச் செல்வதில்லை; போர்ட்டல் சிரை என்னும் நாளத்தின் வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து, அங்கே நுண்குழாய்களில் பரவிய பின்னரே கீழ்ப்பெருஞ்சிரையை அடைந்து இதயத்துக்குப் போகிறது. சிறுநீரில் வெளியேறும் யூரியா உடலின் எந்தப் பகுதியில் உருவாகிறது என்பது நெடுங்காலம் விவாதத்தில் இருந்தது. 1882ஆம் ஆண்டில் வால்டெமார் ஃபான் ஷ்ரோடர் என்னும் ஆய்வாளர், நாயின் உடலிலிருந்து பிரித்தெடுத்த கல்லீரலின் வழியே அம்மோனியம் கார்பனேட் கலந்த இரத்தத்தைச் செலுத்தி, வெளிவரும் இரத்தத்தில் யூரியா மிகுவதைக் காட்டினார். கல்லீரலே யூரியாவின் உற்பத்திக்கூடம் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1877இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிகோலாய் எக் என்னும் இளம் இராணுவ மருத்துவர் வேறொரு நோக்கத்தோடு ஓர் அறுவைச் சிகிச்சையை நாய்களில் செய்து பார்த்திருந்தார். போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்து, கல்லீரலுக்குள் நுழையும் முனையைக் கட்டிவிட்டால், குடலின் இரத்தம் கல்லீரலைத் தொடாமலேயே பொதுச் சுற்றோட்டத்தில் கலந்துவிடும். மகோதரம் எனத் தமிழ் மருத்துவ மரபு வழங்கும் வயிற்று நீர்க்கோவைக்கு இந்த மாற்றுவழி தீர்வாகக்கூடும் என்பது எக்கின் எண்ணம். அவர் அறுவை செய்த எட்டு நாய்களில் ஏழு ஒரு வாரத்துக்குள் இறந்தன. இரண்டரை மாதம் உயிரோடிருந்த எட்டாவது நாய் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிப்போயிற்று. இந்த ஒரே சான்றை வைத்துக்கொண்டு இத்தகைய அறுவை சாத்தியமே என எக் எழுதிய சிறு கட்டுரையை, மருத்துவ வரலாற்றில் மிகக் குறைந்த ஆதாரத்தில் எழுந்து மிக நீண்ட விளைவுகளைத் தந்த கட்டுரைகளுள் ஒன்றாகக் கருதலாம்.

எக் கைவிட்ட வேலையை அதே நகரில் புதிதாக நிறுவப்பட்டிருந்த பரிசோதனை மருத்துவ நிறுவனம் கையில் எடுத்தது. நாய்களின் உமிழ்நீர்ச் சுரப்பு பற்றிய ஆய்வுகளால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இவான் பாவ்லோவ் அங்கே உடலியங்கியல் துறைக்கும், சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரிலிருந்து வந்து சேர்ந்த போலந்து நாட்டவரான மார்செலி நென்ட்ஸ்கி வேதியியல் துறைக்கும் தலைவர்களாக இருந்தனர். இவ்விருவரும் ஹான், மாஸ்ஸென் ஆகியோருடன் சேர்ந்து 1893இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ 60 நாய்களில் எக்கின் அறுவையைச் செய்து பார்த்ததன் விளைவு. அவற்றில் மூன்றில் ஒரு பங்கே பிழைத்தன. பிழைத்த நாய்கள் பாலும் ரொட்டியும் உண்டவரை பெரும்பாலும் இயல்பாக இருந்தன. இறைச்சி கொடுத்தபோது அவற்றின் குணமே மாறியது. அமைதியாக இருந்தவை சினங்கொண்டன, கால்கள் தள்ளாடின, கண் தெரியாமல் சுவரில் முட்டின, வலியை உணரவில்லை. பின்னர் வலிப்பும் நினைவிழப்பும் வந்தன. ஒருமுறை அந்த வேதனையை அனுபவித்த நாய்களில் சில, அடுத்த முறை இறைச்சியை முகர்ந்துவிட்டு விலகிச் சென்றன.

இறைச்சியால் நேர்ந்த இந்த நஞ்சூட்டலுக்குக் காரணம் அம்மோனியாவின் நெருங்கிய உறவுச் சேர்மமான கார்பமிக் அமிலம் என்றே 1893இல் அவர்கள் கருதினர். நென்ட்ஸ்கியும் பாவ்லோவும் ஸலெஸ்கியோடு சேர்ந்து 1896இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில்தான் பார்வை நேரடியாக அம்மோனியாவின் பக்கம் திரும்பியது. போர்ட்டல் சிரையின் இரத்தத்தில் தமனி இரத்தத்தைவிடப் பல மடங்கு அம்மோனியா இருப்பதை அவர்கள் அளந்து காட்டினர். குடலில் பிறக்கும் நஞ்சைக் கல்லீரல் வடிகட்டுகிறது, அந்த வடிகட்டியைத் தவிர்த்துவிட்டால் நஞ்சு மூளையை எட்டுகிறது என்னும் கருத்து இவ்வாறு வடிவம் பெற்றது. கருத்து சரியானதே. ஆனால் அவர்கள் பதிவுசெய்த எண்கள் இன்றைய அளவுகளோடு ஒப்பிட மிக அதிகமானவை. அந்த மிகையின் காரணத்தை அறிந்துகொள்வதிலேயே அடுத்த 40 ஆண்டுகள் கழிந்தன.

இரத்தத்திலுள்ள அம்மோனியாவை அளக்க வேண்டுமானால் முதலில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். காரம் சேர்த்தால் அம்மோனியா வாயுவாக மாறி வெளியேறும் என்பதால், சுண்ணாம்பு போன்ற வலுவான காரத்தை இரத்தத்தோடு கலந்து, வெளிவரும் வாயுவை அமிலத்தில் பிடிப்பது அன்றைய வழக்கம். ஆனால் அந்தக் காரம் இரத்தத்திலுள்ள புரதங்களையும் சிதைத்து, அவற்றில் கட்டுண்டிருந்த நைட்ரஜனை அம்மோனியாவாக விடுவித்தது. அளக்க வந்த கருவியே அளக்கப்படும் பொருளை உற்பத்தி செய்துகொண்டிருந்தது என்று சொல்வது மிகையாகாது. ஸ்வீடனில் பிறந்து ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ஆட்டோ ஃபோலின் வேறொரு வழியைக் கண்டார். மென்மையான காரத்தைச் சேர்த்து, காற்றைக் குமிழிகளாக ஊதி, அது சுமந்துவரும் அம்மோனியாவை அமிலத்தில் சேர்த்து, நெஸ்லர் கரைசலில் தோன்றும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைக் கணிப்பது அவரது முறை. யூலியஸ் நெஸ்லர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் 1856இல் உருவாக்கிய அந்தக் கரைசல் பாதரசமும் அயோடினும் கலந்தது. மிகச் சிறிதளவு அம்மோனியாவுக்கும் அது நிறம் காட்டும். ஃபோலினும் அவரோடு பணியாற்றிய டெனிஸும் 1912இல் வெளியிட்ட ஆய்வுகள் இரத்த அம்மோனியாவின் அளவை வெகுவாகக் கீழே இறக்கியதோடு, அதன் முதன்மை ஊற்று பெருங்குடலில் நிகழும் பாக்டீரியாச் சிதைவே என்பதையும் சுட்டின.

அளவு இறங்கிய பின்னரும் ஒரு புதிர் எஞ்சியது. ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் எடுத்த இரத்தத்தை இரு வேறு நேரங்களில் சோதித்தால் இரு வேறு எண்கள் கிடைத்தன. இதற்கு விடை கண்டவர் அன்று போலந்தில் இருந்த இலுவூவ் நகரின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யாக்குப் பார்னாஸ். 1920களில் அவரும் ஹெல்லரும் வெற்றிடத்தில் மிதமான வெப்பநிலையில் இரத்தத்தை வடித்து அம்மோனியாவைப் பிரிக்கும் நுண்முறையை உருவாக்கி, உடலிலிருந்து இரத்தம் வெளியேறிய சில நிமிடங்களுக்குள்ளாகவே அதில் புதிய அம்மோனியா பிறக்கத் தொடங்குகிறது என்பதை நிறுவினர். இரத்தம் குழாயில் விழுந்த பின்னும் அதன் செல்களில் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன; அமினோ தொகுதிகளைக் கொண்ட சேர்மங்கள் சிதைந்து நைட்ரஜனை இழக்கின்றன. ஆகவே ஆய்வகம் கண்டறியும் எண்ணில் ஒரு பகுதி நோயாளியுடையது, மறுபகுதி குழாயுடையது. இன்று அம்மோனியா பரிசோதனைக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் பலவற்றுக்கும் அடிப்படை பார்னாஸின் இந்தக் கண்டுபிடிப்பே. இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைப்பதன் நோக்கம் அந்த நொதிகளின் வேகத்தைக் குறைப்பது. உயிர்வேதியியலுக்குப் பல பங்களிப்புகளைச் செய்த பார்னாஸ் 1949இல் மாஸ்கோவின் லுபியங்கா சிறையில் இறந்தார்.

டப்ளின் நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் எட்வர்டு கான்வே 1930களில் அமைத்த சிறு கண்ணாடித் தட்டு இந்த வரலாற்றின் மிக எளிய, மிக அழகிய கருவி. ஒன்றுக்குள் ஒன்றாக இரு வட்ட அறைகள் கொண்ட அத்தட்டின் வெளி அறையில் இரத்தத்தையும் பொட்டாசியம் கார்பனேட்டையும், உள் அறையில் நீர்த்த அமிலத்தையும் இட்டு, விளிம்பில் களிம்பு தடவிய கண்ணாடி மூடியால் காற்றுப் புகாமல் மூடிவிட்டால், வெளி அறையிலிருந்து ஆவியாகும் அம்மோனியா தானாகவே பரவி உள் அறையின் அமிலத்தில் சேரும். வெப்பமோ, காற்றை ஊதும் குழாயோ, வெற்றிடமோ தேவையில்லை. நுண்பரவல் எனப்பட்ட இம்முறையால் இரத்தத்தை எடுத்த கணத்திலிருந்து வெவ்வேறு இடைவெளிகளில் அளந்து, அந்த எண்களின் போக்கைப் பின்னோக்கி நீட்டி, இரத்தம் உடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மோனியா எவ்வளவு இருந்திருக்கும் என்று கான்வே கணித்தார். நலமான மனிதரில் அது ஏறத்தாழச் சுழியத்தை நெருங்குவது என்பது 1935இல் அவர் எட்டிய முடிவு. இக்காலக் கணக்குகள் அவ்வளவு கீழே போவதில்லை என்றாலும், நென்ட்ஸ்கியின் எண்களிலிருந்து கான்வேயின் எண்களுக்கு இறங்கிய தொலைவு, ஓர் அளவை அறிவியல் எவ்வளவு பொறுமையாகத் தன் பிழைகளைக் கழித்துக்கொண்டே வரவேண்டியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

கல்லீரல் அம்மோனியாவை எந்தப் படிகளின் வழியே யூரியாவாக்குகிறது என்பதை ஃபிரைபுர்க் நகரில் ஹான்ஸ் கிரெப்ஸ் என்னும் மருத்துவரும் குர்ட் ஹென்செலைட் என்னும் மருத்துவ மாணவரும் 1932இல் வெளிப்படுத்தினர். எலியின் கல்லீரலை மெல்லிய சீவல்களாக அரிந்து பல அமினோ அமிலங்களோடு சோதித்தபோது, ஆர்னிதைன் என்னும் ஒன்றைச் சேர்த்தால் யூரியா உற்பத்தி பெருகியது. ஆனால் ஆர்னிதைனோ செலவாகவில்லை. அது சிட்ருலினாகி, ஆர்ஜினினாகி, யூரியாவை உதிர்த்துவிட்டு மீண்டும் ஆர்னிதைனாகவே திரும்பியது. உயிர்வேதியியல் அறிந்த முதல் சுழற்சி இதுவே. மறு ஆண்டே நாத்சி அரசு கிரெப்ஸைப் பணியிலிருந்து நீக்க, அவர் கேம்பிரிட்ஜுக்குப் புலம்பெயர்ந்தார். இந்தச் சுழற்சியின் ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்துகிறது என்பது, பின்னர் காணப்போவதுபோல, குழந்தை மருத்துவத்தில் பெரும் விளைவை உண்டாக்கியது.

நாய்களின் கதை மனிதருக்கு வந்து சேர்ந்ததும் 1930களில்தான். ஸ்ட்ராஸ்பர்கில் ஃபான் கோலார்ட்டும் அவரது குழுவினரும் 1932இல் கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்கு அம்மோனியம் குளோரைடை வாய்வழி கொடுத்து இரத்தத்தில் அம்மோனியா ஏறுவதைக் கண்டனர். அம்மோனியம் குளோரைடு என்பது சித்த மருத்துவத்திலும், பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோரின் பையிலும் காணப்படும் நவச்சாரமே. கல்லீரல் சுருக்கம் என்பது, நீண்டகால மது அருந்துதல், கிருமித் தொற்று போன்றவற்றால் கல்லீரலில் தழும்புத் திசு பெருகி இரத்த ஓட்டம் தடைப்படும் நிலை. அவ்வாறு தடைபட்ட இரத்தம் உணவுக்குழாயைச் சுற்றியும் தொப்புளைச் சுற்றியும் உள்ள சிறு சிரைகளைப் பருக்கச் செய்து பக்கவழிகளைத் தேடிக்கொள்கிறது. கோபன்ஹேகனில் எஸ்பென் கிர்க் 1936இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, நோயாளிகளிடம் அம்மோனியா ஏறுவதில் கல்லீரல் செல்களின் தளர்ச்சியோடு இந்தப் பக்கவழிகளுக்கும் பெரும் பங்குண்டு என்று காட்டியது. எக் கத்தியால் செய்ததை நோய் தானாகவே செய்துவிடுகிறது.

இக்கண்டுபிடிப்புகளை மருத்துவ உலகம் ஏறத்தாழ மறந்தேபோயிற்று. 1952இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் காபுஸ்டா, பிலிப்ஸ், டேவிட்சன் ஆகியோர் எதிர்பாராமல் மீண்டும் அதே இடத்துக்கு வந்துசேர்ந்தனர். மகோதர நோயாளிகளின் உடலிலிருந்து உப்பை நீக்குவதற்காக அயனிமாற்றுப் பிசின் என்னும் மருந்து அவர்களுக்கு வழங்கப்பட்டது; குடலில் சோடியத்தை ஈர்த்துக்கொள்ளும் அப்பிசின், அதற்கு ஈடாக அம்மோனியத்தை வெளிவிட்டது. சில நோயாளிகளுக்கு மயக்கமும் பேச்சுக் குழறலும் வந்தன. கைகளை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் உள்ளங்கைகள் பிடிதளர்ந்து படபடத்தன. அந்தப் படபடப்பை 1949இல் ஆடம்ஸ், ஃபோலி என்னும் நரம்பியல் மருத்துவர்கள் அதே நகரில் விவரித்திருந்தனர். மருந்தை நிறுத்தியதும் அறிகுறிகள் மறைந்தன. அதன்பின் அதே குழு புரதம் மிகுந்த உணவு, யூரியா, நவச்சாரம் ஆகியவற்றாலும் இதே நிலையை வரவழைக்க முடியும் என்று கண்டது. இன்றைய அறநெறி இத்தகைய சோதனையை நோயாளிகளிடம் செய்ய எளிதில் ஒப்பாது என்பதையும் சேர்த்தே இந்த அறிவைப் பெறவேண்டியிருக்கிறது.

அறுவை மருத்துவமும் அதே காலத்தில் எக்கின் வழிக்குத் திரும்பியிருந்தது. உணவுக்குழாயில் பருத்த சிரைகள் வெடித்து இரத்த வாந்தியால் நோயாளிகள் இறப்பதைத் தடுக்க, நியூயார்க்கில் விப்பிளும் பிளேக்மோரும் 1945இல் போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைக்கும் அறுவையை மனிதரில் செய்து வெளியிட்டனர். இரத்தப்போக்கு நின்றது, ஆனால் பலருக்கு மூளை மங்கியது. 1954இல் மெக்டெர்மாட்டும் ஆடம்ஸும் வெளியிட்ட நோயாளி விவரம் இந்த விவகாரத்தின் திருப்புமுனை. கணையத்தில் தோன்றிய புற்றுக்கட்டியை அகற்றும்போது போர்ட்டல் சிரையின் ஒரு பகுதியையும் வெட்டவேண்டியிருந்ததால், எஞ்சிய சிரை கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைக்கப்பட்டது. அந்த நோயாளிக்குக் கல்லீரல் சுருக்க நோய் இல்லை; ஆயினும் அவர் மீண்டும் மீண்டும் நினைவு மங்கிக் கிடந்தார், அவ்வேளைகளில் இரத்த அம்மோனியா உயர்ந்தே இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் இறைச்சி தின்ற நாய்களில் கண்டது மனிதரில் உறுதியாயிற்று. அதே 1954இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஷீலா ஷெர்லாக்கும் அவரது குழுவினரும், குடல் இரத்தம் கல்லீரலைத் தவிர்த்துப் பொதுச் சுற்றோட்டத்தில் கலப்பதால் வரும் மூளைப் பாதிப்பு என்று இந்நோய்க்கு ஒரு தெளிவான வரையறையைத் தந்து, புரதத்தைக் குறைப்பதும் குடல் பாக்டீரியாக்களை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் அடக்குவதும் நோயாளியைத் தேற்றும் என்று காட்டினர்.

இவ்வளவு சான்றுகள் கூடியபின் அம்மோனியா பரிசோதனை கல்லீரல் நோயாளிகளுக்குரிய முதன்மைப் பரிசோதனையாகியிருக்க வேண்டும். அவ்வாறு ஆகாததற்கு, அதே ஆண்டுகளில் வேறொரு வரிசைப் பரிசோதனைகள் மிக எளிதில் கைக்கு எட்டியது ஒரு காரணம். பால் எர்லிக் 1883இல் கண்ட டையசோ வினையைக் கொண்டு, டச்சு மருத்துவர் ஹைமன்ஸ் ஃபான் டென் பெர்க் 1913 முதல் சீரத்திலுள்ள பிலிருபினை அளந்து வந்தார். மஞ்சள் காமாலையில் கண்ணிலும் தோலிலும் படியும் அந்த மஞ்சள் நிறப்பொருள், கல்லீரலில் பதப்படுத்தப்பட்டுக் கரையும் வடிவத்திலும், அதற்கு முந்திய கரையாத வடிவத்திலும் இருப்பதை அவரது முறை பிரித்துக் காட்டியது; நேரடி, மறைமுக பிலிருபின் என்று அறிக்கைகளில் இன்றும் அச்சாகும் பாகுபாடு அவரிடமிருந்து வந்ததே. கல்லீரலின் வேலையை உண்மையாகவே சோதிக்க முயன்ற சில முறைகளும் இருந்தன. 1925இல் ரோசன்தாலும் வைட்டும் அறிமுகப்படுத்திய சாயச் சோதனையில், சிரையில் செலுத்திய புரோம்சல்ஃப்தலின் என்னும் சாயத்தைக் கல்லீரல் எவ்வளவு விரைவாக அகற்றுகிறது என்று பார்த்தனர். நோயாளியைக் காத்திருக்க வைப்பதும், அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதுமான அந்தச் சோதனை காலப்போக்கில் வழக்கொழிந்தது.

போட்டியில் வென்றவை எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் டிரான்ஸ்அமினேஸ் நொதிகள். 1954இல் நியூயார்க்கில் லாடூ, விரோப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகியோர் எஸ்.ஜி.ஓ.டி. நொதி மாரடைப்பின்போது இரத்தத்தில் உயர்வதைக் கண்டனர். கல்லீரல் அப்போது அவர்களின் முதல் நோக்கம் அல்ல. விரைவிலேயே நேப்பிள்ஸில் டி ரித்திஸும் உடனாய்வாளர்களும் வைரஸ் கல்லீரல் அழற்சியில் இந்நொதிகள் பெருமளவு ஏறுவதை வெளியிட்டனர். இவை குழாயில் எளிதில் கெடுவதில்லை, பனிக்கட்டி கேட்பதில்லை, காத்திருந்தாலும் பொய் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒரே நாளில் சோதிக்கும் தானியங்கிக் கருவிகள் வந்தபோது, பட்டியலில் இடம்பிடிப்பதற்கு ஒரு பரிசோதனையின் பொருளைவிட அதன் வசதியே முக்கியத் தகுதியாயிற்று. ‘செயல்பாடு’ என்ற சொல் பட்டியலின் தலையில் நின்றுவிட்டது. உண்மையில் அப்பட்டியலில் கல்லீரலின் ஆக்கத்திறனைக் காட்டுவது ஆல்புமின் மட்டுமே எனலாம், பட்டியலோடு சேர்த்துக் கேட்கப்படும் புரோத்ராம்பின் நேரம் என்னும் உறைதல் சோதனை அதற்குத் துணை நிற்கிறது.

அம்மோனியாவை அளக்கும் முறையும் இதே நொதியியலின் பயனைப் பெற்றது. உயிரணுக்களில் ஹைட்ரஜனைச் சுமக்கும் என்.ஏ.டி.எச். என்னும் மூலக்கூறு 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை உட்கவரும். ஹைட்ரஜனை இழந்தால் அந்தக் கவர்ச்சியையும் இழக்கும். டிரான்ஸ்அமினேஸை அளக்க கார்மென் பயன்படுத்தியது இந்தப் பண்பையே. 1965இல் மோன்ட்சாக், எர்லிக், சீக்மில்லர் ஆகியோர் இதே வழியில், குளூட்டமேட் டிஹைட்ரஜினேஸ் என்னும் நொதியைக் கொண்டு அம்மோனியாவை குளூட்டமேட்டாக மாற்றி, அப்போது குறையும் ஒளிக்கவர்ச்சியிலிருந்து அம்மோனியாவின் அளவைக் கணித்தனர். இரத்தத்தில் காரத்தைச் சேர்க்கவும் வேண்டாம், வாயுவாக்கிப் பிரிக்கவும் வேண்டாம். திருத்தங்களோடு இம்முறையே பெரும்பாலான ஆய்வகங்களில் இன்றும் நிலவுகிறது. வளர்ந்தவர்களில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 முதல் 35 மைக்ரோமோல் வரை இயல்பு எனக் கொள்ளப்படுகிறது; ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சற்று மாறும். சில அறிக்கைகள் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்ற அலகில் வருவதால், லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் என்பது டெசிலிட்டருக்கு 1.7 மைக்ரோகிராமுக்குச் சமம் என்பதை மறந்து இரு அறிக்கைகளை ஒப்பிடுவோர் வீணாக அஞ்ச நேரிடும்.

முறை திருந்தியது, குழாயின் குணம் திருந்தவில்லை. கையில் இறுகக் கட்டிய பட்டையை நெடுநேரம் விட்டாலோ, கையை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலோ தசையிலிருந்து அம்மோனியா வெளிப்பட்டு எண் உயரும். சிவப்பணுக்களுக்குள் பிளாஸ்மாவைவிட அம்மோனியா அதிகம் என்பதால், அவை உடைந்த மாதிரி பயனற்றது. இரத்தம் எடுப்பதற்கு முன் புகைபிடித்திருந்தாலும் எண் ஏறும். பனிக்கட்டியில் வைத்த மாதிரியையும் விரைவில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். சிரை இரத்தமா, தமனி இரத்தமா என்ற கேள்வியும் உண்டு. கல்லீரல் தளர்ந்த நோயாளிகளின் தசை, அம்மோனியாவை குளூட்டமினாக மாற்றி ஓரளவு உறிஞ்சிக்கொள்வதால், கையைக் கடந்து சிரைக்கு வரும் இரத்தம் மூளைக்குச் செல்லும் தமனி இரத்தத்தின் அளவை அப்படியே காட்டாது என்பதை 1955இலேயே பெஸ்மன் இணையர் எடுத்துக்காட்டியிருந்தனர். அத்தகைய நோயாளிகள் உடல் மெலிந்து தசை கரையும்போது மூளைப் பாதிப்பு மோசமாவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. புரதத்தை அடியோடு குறைக்கச் சொல்லும் பழைய அறிவுரையை இன்றைய மருத்துவம் கைவிட்டதற்கும் இதுவே காரணம்.

இவையெல்லாம் சரியாகச் செய்யப்பட்டாலும், நெடுநாள் கல்லீரல் சுருக்கம் உள்ளவரின் எண்ணும் அவரது மனத்தெளிவும் கைகோத்துச் செல்வதில்லை. கூட்டமாகப் பார்த்தால் அம்மோனியா உயர உயர மயக்கத்தின் கடுமையும் கூடுகிறது. தனி ஒருவரைப் பார்த்தால், மிகை அளவோடு தெளிவாகப் பேசுபவரும் உண்டு. தொற்று, அழற்சி, இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவையும் மூளையை மங்கச் செய்வதால் அம்மோனியா தனித்து ஆட்சி செய்வதில்லை. 1966இல் யோஹன்னஸ் பிர்ஷரும் உடனாய்வாளர்களும் லாக்டுலோஸ் என்னும் செரிக்காத சர்க்கரையை அறிமுகப்படுத்தினர். அது பெருங்குடலில் புளித்து அமிலத்தன்மையை உண்டாக்குவதால் அம்மோனியா அயனியாகி, குடல் சுவரைத் தாண்ட இயலாமல் மலத்தோடு வெளியேறுகிறது. அந்த மருந்தின் அளவை மருத்துவர் சரிசெய்வது அம்மோனியா எண்ணைப் பார்த்து அன்று. நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போகிறதா என்று கேட்டுத்தான்.

ஆனால் இந்தப் பரிசோதனை இல்லாமல் உயிர் காக்க இயலாத இடங்களும் உள்ளன. 1962இல் லண்டனில் ரஸ்ஸல் முதலியோர், யூரியா சுழற்சியின் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்ததால் இரத்த அம்மோனியா உயர்ந்த குழந்தைகளை விவரித்தனர். அத்தகைய குழந்தை பிறந்தபோது நலமாக இருந்து, பால் குடிக்கத் தொடங்கிய ஓரிரு நாளில் சோர்ந்து, பாலை மறுத்து, நினைவிழக்கும், பிலிருபினும் எஸ்.ஜி.பி.டி.யும் இயல்பாகவே இருக்கலாம். கிருமித் தொற்று என்று கருதப்பட்டு இறந்துபோயிருக்கக்கூடிய அக்குழந்தைகளைக் காட்டிக்கொடுப்பது அம்மோனியா எண் ஒன்றே. நோயுற்ற பச்சிளங்குழந்தையில் அது 150 மைக்ரோமோலைத் தாண்டினால் மணிக்கணக்கில் செயல்பட்டாக வேண்டும். 1963இல் ஆஸ்திரேலியாவில் ரை விவரித்த, மூளை வீக்கமும் கல்லீரலில் கொழுப்புப் படிவும் சேர்ந்து வரும் குழந்தை நோயிலும் மஞ்சள் காமாலை அனேகமாக இராது, அம்மோனியா ஏறியிருக்கும். கல்லீரல் சில நாள்களில் திடீரெனச் செயலிழக்கும் கொடிய நிலையிலும் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பாட்டியா, சிங், ஆச்சார்யா ஆகியோர் 80 நோயாளிகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், சேர்க்கையின்போதே தமனி இரத்த அம்மோனியா 124 மைக்ரோமோலை எட்டியவர்களிடம் மூளை வீக்கமும் இறப்பும் மிகுந்திருந்தன.

கல்லீரல் சுருக்கத்தின் கடுமையை மதிப்பிட 1973இல் பக் திருத்தியமைத்த சைல்டு-பக் மதிப்பெண்ணில் பிலிருபின், ஆல்புமின், உறைதல் நேரம், மகோதரம், மூளைப் பாதிப்பு ஆகிய ஐந்தும் உள்ளன. மூளைப் பாதிப்பை அங்கே மருத்துவர் நோயாளியோடு பேசியும் கையை நீட்டச் சொல்லியும் தரப்படுத்துகிறாரே தவிர, அம்மோனியாவுக்கு மதிப்பெண் இல்லை. அமெரிக்க, ஐரோப்பியக் கல்லீரல் சங்கங்கள் 2014இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், கல்லீரல் சுருக்க நோயாளியிடம் அம்மோனியா உயர்ந்திருப்பது மட்டுமே நோயறிதலுக்கோ முன்கணிப்புக்கோ எதையும் கூட்டுவதில்லை என்கிறது. மயங்கிய நோயாளியிடம் அது இயல்பாக இருந்தால், மூளையில் இரத்தக்கசிவு, சர்க்கரைக் குறைவு, மருந்தின் நஞ்சு எனக் கல்லீரலுக்கு வெளியே வேறு காரணத்தைத் தேடவேண்டும் என்றும் அது கூறுகிறது.